மூன்றாம் முங்கு

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. சின்னவளின் ஆறு வருஷத்து ஆசையெல்லாம் அந்த முக்காலியின் மேல்தான் இருந்தது.

சிம்மாசனம் ஒன்றும் இல்லை. மூன்று கால், அதிலும் ஒன்று குட்டை. குட்டைக் காலுக்கடியில் ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்து நிறுத்தியிருந்தார்கள். ஆனால் அது கிடந்த இடம் அப்படி.

டிராக்டருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் அது. நாலு சக்கரம், தகரச் சுவர், தகரக் கூரை. பண்ணை பண்ணையாகப் போய் நின்று, அங்கேயே கோழியை அறுத்து, வெந்நீரில் முங்கடித்து, இறகு பிடுங்கி, குடலெடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் பெண்டாட்டிமார் இரண்டு பேர். பெரியவன் வாசலோரம் நின்று கழுத்தறுப்பான். அவன் பெண்டாட்டி பெரியவள் உள்கோடியில் இரும்படுப்பை எரித்துத் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சுவாள், கோழியை முங்கடிப்பாள். நடுவில் நின்று சின்னவள் இறகு பிடுங்குவாள். அவள் புருஷன் சின்னவன் மேசையடியில் குடலெடுப்பான்.

குளிர்காலத்தில் அதற்குள் மனுஷர் உட்காரக்கூடிய இடம் அந்த முக்காலி ஒன்றுதான். வாசல் வழியாக வருகிற ஊதல் காற்று நேராகச் சின்னவளின் முதுகில் வந்து மோதும். காலுக்குக் கீழே எந்நேரமும் ஈரம், இறகு, ரத்தம். காலையில் நிற்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். பெரியவள் மட்டும் கணகணவென்று எரிகிற அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, கட்டையைத் தள்ளுவாள், கரியைக் கிளறுவாள், தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பாள். இதற்குப் பெயர் வேலையாம்.

ஆனால் அந்தத் தொட்டுப் பார்ப்பதில்தான் எல்லாமே இருந்தது. தண்ணீர் கொஞ்சம் சூடு கூடினால் கோழித் தோல் வெந்து இறகோடு கழன்று வந்துவிடும். குறைந்தால் இறகு வராது, இழுத்தால் தோல் கிழியும். கிழிந்த கோழியை எவனும் வாங்க மாட்டான். அதற்குத்தான் மூன்று முங்கு. நாலு விரலைச் சேர்த்துத் தண்ணீரில் முங்கி எடுக்க வேண்டும். முதல் முங்கு பொறுக்கும். இரண்டாவது கடிக்கும். மூன்றாவது முங்கில் விரலை வைக்கவே முடியாமல் உதறினால் தண்ணீர் பதம். மூன்றாவதும் பொறுத்தால் இன்னொரு கட்டை போடு. முதலிலேயே உதறினால் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்று. அவ்வளவுதான் சாஸ்திரம்.

ஒரு காலத்தில் தொட்டியில் முள் வைத்த சூட்டு மானி ஒன்றும் இருந்தது. கண்ணாடிக்குள் ஆவி இறங்கி முள் செத்துப்போயிற்று. பெரியவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "என் பொண்டாட்டி வெரலு இருக்கும்போது இந்த எழவு எதுக்கு?" என்றான். போகிற பண்ணையிலெல்லாம் அதையே சொல்லிப் பீற்றிக்கொள்வான்.

பெரியவளும் எடுத்த எடுப்பில் முக்காலியில் வந்து உட்கார்ந்தவள் அல்ல. மாமியார் உயிரோடு இருந்தவரை அடுப்பு மாமியார் கையில். அப்போது பத்து வருஷம் பெரியவள்தான் இறகு பிடுங்கினாள். மாமியார் கண்ணை மூடினாள், இவள் முக்காலிக்கு வந்தாள், சின்னவளைக் கட்டிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார்கள்.

வந்த புதிதில் சின்னவள் அழுதிருக்கிறாள். தொட்டியிலிருந்து நேராக வருகிற கோழி நெருப்பாகக் கொதிக்கும். ஆறுகிறவரை காத்திருக்க முடியாது, ஆறினால் இறகு இறுகிக்கொள்ளும். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அந்தக் கையோடு சோறு பிசைய முடியாமல் தட்டைத் தள்ளி வைத்தவளிடம் பெரியவள் சொன்னாள்: "எல்லாம் பழகிரும்டி. நானும் பத்து வருஷம் பிடுங்குனவதான். உனக்கும் ஒரு காலம் வரும்."

"எப்பக்கா வரும்?"

"நான் செத்தப்புறம் வரும்" என்று சொல்லிச் சிரித்தாள் பெரியவள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். சின்னவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழகித்தான் போயிற்று. இப்போதெல்லாம் கோழியை வாங்கிய கையோடு பிடுங்குவாள். தேநீர்ப் பாத்திரத்து மூடியை வெறுங்கையால் தூக்குவாள். "துணி வச்சுப் பிடி, சனியனே" என்று புருஷன் கத்தினால், "எருமைத் தோலுக்குத் துணி ஒரு கேடா?" என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

போன மாசம் ஒரு நாள். விடிந்தும் விடியாத பனி. ஈரக்கட்டை புகைந்துகொண்டிருந்தது. பெரியவள் அடுப்பு வாயில் கையை வைத்துக்கொண்டு பண்ணைக்காரனின் மனைவி போட்டிருந்த செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கட்டையிலிருந்து ஒரு கங்கு தெறித்து அவள் மோதிர விரல் மேல் விழுந்தது. விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பெரியவள் பேச்சை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சுளித்து, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"என்னமோ கருகுதே? இறகு எதுவும் அடுப்புல விழுந்துச்சாடி?"

சின்னவள் பிடுங்கிக்கொண்டிருந்த கோழியைக் கீழே போட்டாள். எட்டிப்போய் அந்தக் கங்கைத் தட்டிவிட்டு, "ஆமாக்கா, இறகுதான்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் பெரியவளின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. மூன்று முங்கும் சும்மா பாவனை. மூன்றாவது முங்கு முடிந்ததும் பெரியவள் வாயைத் துடைக்கிற மாதிரி விரலைக் கொண்டுபோய்க் கீழுதட்டில் வைப்பாள். விரல் கொண்டுவந்த சூட்டை உதடு சொல்லும். அதற்குப் பிறகுதான் "ம், பதம்" என்பாள். கை எப்போதோ செத்துவிட்டது. உதட்டை வைத்து இத்தனை நாள் வண்டி ஓட்டியிருக்கிறாள், மகராசி.

இதை யாரிடமும் சொல்லவில்லை சின்னவள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். நேரம் வரும்போது அவிழ்க்கலாம்.

நேரம் கம்பெனிக்காரர் உருவத்தில் வந்தது. பெரிய பெரிய விடுதிகளுக்குக் கோழி அனுப்புகிற கம்பெனி. இவர்கள் வேலை பிடித்துப்போனால் குளிர்காலம் முழுக்க ஒரே பண்ணையில் நின்று வேலை செய்யலாம், டிரெய்லரைச் சேற்றில் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம். கம்பெனிக்காரர் வெள்ளைச் சட்டையோடு டிரெய்லருக்குள் காலை வைத்தார், மூக்கைப் பொத்தினார், பையிலிருந்து நாலு முகத்துணியை எடுத்து நீட்டினார்.

"எல்லாரும் மூக்கு, வாய் ரெண்டையும் மூடணும். எச்சில், மூச்சு எதுவும் கோழி மேல படக்கூடாது. யாராவது அவிழ்த்ததைப் பாத்தேன்னா, அத்தோட சரி. ஆமா, தண்ணிச் சூடு பாக்குற கருவி எங்க?"

பெரியவன் இளித்துக்கொண்டு பெண்டாட்டியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். "இந்தா இருக்குங்க. ஆறு வருஷமாத் தப்பே காட்டாத கருவி."

"வெரலுக்கெல்லாம் முத்திரை குத்திக் குடுக்க முடியாதுப்பா" என்றார் அவர். "சரி, செய்ங்க. கோழி சொல்லட்டும்."

பெரியவள் முகத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "மூச்சு முட்டும்ங்க எனக்கு" என்றாள்.

"கட்டுறியா, இல்ல நான் கட்டிவிடட்டுமா?" என்றான் பெரியவன்.

கட்டினாள். காதுக்குப் பின்னால் முடிச்சு சரியாக விழவில்லை என்று சின்னவள் போய் உதவி செய்தாள், இறுக்கமாக.

அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும்? பெரியவள் மூன்று முங்கு முங்கினாள். பழக்கத்தில் விரல் வாய்க்குப் போயிற்று, துணியில் முட்டி நின்றது. தொட்டியையே பார்த்தாள். ஆவியைப் பார்த்தாள். "பதம்" என்றாள். முதல் பத்துக் கோழிக்குத் தோல் உரிந்து வாழைப்பழம் மாதிரி வந்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த பத்துக் கோழிக்கு இறகு அசையவே இல்லை. சின்னவள் வேண்டுமென்றே மெனக்கெட்டு இழுத்தாள், கிழிந்தது. "அக்கா, இறகு வரலையேக்கா" என்று டிரெய்லர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். கட்டை போட்டாள் பெரியவள். மறுபடியும் தோல் வெந்தது.

கம்பெனிக்காரர் ஒரு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "இதை நாய்க்குப் போட்டா நாய் கேஸ் போடும்" என்றார். "ஒன்பது நாள் கழிச்சு இந்தப் பக்கம் வருவேன். இன்னொரு தடவை பாக்குறேன். அன்னைக்கும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்." வண்டி கிளம்பிப் போயிற்று.

பெரியவன் கத்தியை மேசையில் குத்தி நிறுத்தினான்.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"மூணு முங்கு பாத்தேங்க. எப்பவும் பாக்குற மாதிரிதான் பாத்தேன். கட்டை ஈரம்..."

"கட்டை ஈரம், வானம் ஈரம்! நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுப் போறான் அந்தாளு!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சின்னவள் முன்னால் வந்தாள்.

"அக்காவைத் திட்டாதீங்க மாமா. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க? வெரல்ல உணர்ச்சி இருந்தாத்தானே?"

"என்னது?"

"அவங்க கை செத்து ரொம்ப நாளாச்சு மாமா. உதட்டுல வச்சுத்தான் சூடு பாப்பாங்க. இன்னைக்கு வாயைக் கட்டிட்டதால பாக்க முடியல. நானும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

பெரியவள் முக்காலியை விட்டு எழுந்தாள். "பொய்யிங்க! இந்த அடுப்பு மேல இவளுக்குக் கண்ணு. வந்த நாள்லயிருந்து கண்ணு. எனக்கு எல்லாம் தெரியுது. சுட்டா சுடுது, குளுந்தா குளுருது."

"தெரியுதுல்ல? அப்பக் காமி" என்றான் பெரியவன்.

"காமிக்கிறேன். எனக்கென்ன பயம்?"

அதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் முக்காலி போனால் என்ன என்று அவளுக்குத் தெரியும். மறுபடியும் நடுவில் போய் நிற்க வேண்டும், ஊதல் காற்றில், சின்னவளுக்குக் கீழே.

சின்னவன் மட்டும், "விடுண்ணே. வேற கருவி ஒன்னு வாங்கி மாட்டிட்டாப் போச்சு" என்றான். அந்தக் குடும்பத்தில் புத்தியோடு பேசப்பட்ட பேச்சு அது ஒன்றுதான். அதனால் யாரும் காதில் வாங்கவில்லை.

"ஏம்மா" என்று சின்னவளைக் கூப்பிட்டான் பெரியவன். "ரெண்டு வாளி கொண்டா. ஒன்னுல பச்சைத் தண்ணி, ஒன்னுல வெந்நி. கை பொறுக்குற சூடு போதும். இவ கண்ணைக் கட்டிட்டுக் கேப்போம்."

"ஆவி மூஞ்சில பட்டாத் தெரிஞ்சிருமே மாமா? வாளி மேல சாக்கு போட்டுக் கொண்டாறேன்" என்றாள் சின்னவள்.

தொட்டிப் பக்கம் போனாள். அடுப்பு அப்போது முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது, தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு வாளி மொண்டாள். பச்சைத் தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்தாள். இரண்டில் ஒன்று. ஊகத்தில் சொன்னாலே பாதிக்குப் பாதி தப்பித்துவிடுவாளே இவள்? ஆறு வருஷமாக நின்ற கால் வலித்தது. எதைப் பச்சை என்றாலும் தப்பாகட்டும் என்று இரண்டாவது வாளியையும் தொட்டியிலேயே மொண்டாள். இரண்டையும் சாக்கால் மூடி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தூக்கி வந்து வைத்தாள்.

பெரியவளின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். வாய்த்துணியை அவிழ்க்கவே இல்லை. பெரியவன் அவள் முழங்கைக்குக் கீழே பிடித்து, சாக்கின் ஓரத்தைத் தூக்கி, விரல்களை முதல் வாளிக்குள் இறக்கினான்.

"சொல்லு."

"இருங்க."

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்கிறவள் மாதிரி இருந்தது. கை உள்ளேயே இருந்தது. சின்னவள் தன்னையறியாமல் எண்ணினாள். நாலு. ஐந்து. ஆறு. 'எடுத்துருங்க மாமா' என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வந்து, அங்கேயே நின்றுகொண்டது. எட்டு. ஒன்பது.

"இது பச்சைத் தண்ணிங்க" என்றாள் பெரியவள். "ஜில்லுனு இருக்கு. அந்த வாளிதான் வெந்நி." துணிக்குள் சிரித்தாள். "பாத்தியாடி? என்னமோ கதை கட்டுனியே?"

பெரியவன் அவள் கையை மேலே தூக்கினான். அவள் விரலிலிருந்து வழிந்த தண்ணீர் அவன் மணிக்கட்டில் இறங்கியது. "ஐயோ!" என்று அலறி, கையை உதறிக்கொண்டு பின்னால் போய்த் தகரத்தில் மோதினான். அவன் உதறினான். அவள் உதறவில்லை. கண் கட்டோடு, சிரித்த வாயோடு, கையை நீட்டியபடியே நின்றாள்.

"என்னாச்சுங்க? ஏன் கத்துறீங்க? சரியாத்தானே சொன்னேன்?"

அவளே இடது கையால் துண்டை இறக்கிப் பார்த்தாள். காலையில் அவள் வெந்நீரில் போட்ட கோழிகளுக்குத் தோல் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது விரல். அவள் அழவில்லை. யாருடைய கையோ என்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் இரண்டாவது வாளியைப் பார்த்தாள்.

சின்னவளின் கால் அந்த வாளியில் தட்டிற்று. தெரியாமல் பட்ட மாதிரிதான் இருந்தது. வாளி கவிழ்ந்து, தரைப் பலகை இடுக்கெல்லாம் தண்ணீர் ஓடி, அந்த ஈரத் தரையிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சின்னவன் அந்த ஆவியைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். குனிந்து, சிந்திக் கிடந்த இறகைக் கூட்ட ஆரம்பித்தான்.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று நர்ஸ் கேட்டதற்கு, "கைதவறித் தொட்டியில விட்டுட்டா" என்றான் பெரியவன். பெரியவள் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் அதிகமாக எதுவுமே பேசவில்லை.

முக்காலி சின்னவளுக்கு வந்தது. கம்பெனிக்காரர் வருகிற நாள்வரை டிரெய்லர் வேலைக்குப் போகாமல் கொட்டகைக்குள்ளேயே நின்றது. சின்னவள் தினமும் அதைக் கழுவினாள், அடுப்பைச் சுரண்டிக் கரி எடுத்தாள், முக்காலிக்குப் புதுச் சில்லு வைத்தாள். யாரும் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்தும் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பிடுங்குவதற்கு ஆள் வேண்டுமே? ஒன்பதாம் நாள் காலை பெரியவன்தான் சொன்னான். "நடுவுல நீ நில்லு. இடது கை இருக்குல்ல? கட்டுப் போட்ட கையில கோழியை அமுக்கிக்கோ, இதுல பிடுங்கு. உனக்குத்தான் சுடாதே, ஒரு வகையில நல்லதுதான்." அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னான்.

பெரியவள் போய் நடுவில் நின்றாள். ஊதல் காற்று அவள் முதுகில் அடித்தது.

கம்பெனிக்காரர் வந்துவிட்டார். வெளியே பண்ணைக்காரனோடு நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே நாலு பேரும் முகத்துணி கட்டியிருந்தார்கள். சின்னவள் கட்டையைத் தள்ளினாள். காய்ந்த கட்டை, அவளே பார்த்துப் பொறுக்கியது. அடுப்பின் சூடு முழங்காலில் ஏறிற்று. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு முதுகு குளிரவில்லை.

"தண்ணி ஆச்சாம்மா?" என்றான் பெரியவன், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"இந்தா பாக்குறேன் மாமா."

நாலு விரலைச் சேர்த்தாள். முதல் முங்கு. பொறுத்தது. இரண்டாவது முங்கு. பொறுத்தது. மூன்றாவதும் பொறுத்தது.

"இன்னும் ஒரு கட்டை போடணும்" என்றாள். போட்டாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் முங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் கடிக்கவில்லை. நாலாவது முங்கும் முங்கினாள். தண்ணீரில் ஈரம் இருந்தது, வேறு எதுவும் இல்லை. விரலை எடுத்துப் பார்த்தாள். அந்தக் காய்த்துப்போன தோலின் ஓரம் நகத்தடியில் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. தேநீர்ப் பாத்திரத்து மூடி ஞாபகம் வந்தது. எருமைத் தோல் என்று தானே சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது.

விரல் தானாகவே வாய்க்குப் போயிற்று. துணியில் முட்டி நின்றது.

நடுவில் நின்ற பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ?

"என்னம்மா தங்கச்சி" என்றாள். ஒன்பது நாளில் அவள் சின்னவளிடம் பேசிய முதல் பேச்சு அது. "மூணாம் முங்கு கடிக்குதா?"

"கடிக்குதுக்கா" என்றாள் சின்னவள். "பதம்தான்."

அவளுக்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் குபுகுபுவென்று கிளம்பிற்று.

பெரியவன் தீட்டுவதை நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பார்த்தான். அப்புறம் சின்னவளின் கையைப் பார்த்தான்.

"தம்பி" என்று பெரியவள் கொழுந்தனைக் கூப்பிட்டாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "அந்த ரெண்டு வாளியும் எடுத்துட்டு வாங்க. சாக்கும் ரெண்டு கொண்டாங்க. அன்னைக்கு மாதிரியே ரெண்டுலயும் தொட்டியிலயே மொண்டுக்கலாம்."

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். "என்னங்க" என்றாள். துணிக்குள் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சின்னவன் குடலெடுக்கிற கத்தியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், வாளி எடுக்கப் போனான்.